நடுவயலில் உப்பு

எனக்குச் சோறு ஆக்கத் தெரியாது. உம்மா இருக்கும்வரை அதற்குத் தேவை வரவில்லை. உம்மா மௌத்தான பிறகு கற்றுக்கொள்ளும் வயது போய்விட்டது. நீங்கள் கேட்ட கேள்விக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கதிரையைக் காற்று வரும் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேட்டது சின்னக் கேள்விதான். தலைமை அலுவலகத்துக்காக இந்தக் கரையோரத்து உவர் நிலங்களின் வரைபடம் தயாரிக்கிறீர்கள். என்னுடைய பழைய மண் அறிக்கைகளை ஒவ்வொன்றாக அதில் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். ஓர் இடத்தில் பென்சில் நின்றது. உப்புத் தண்ணீர்க் களப்பை ஒட்டிய வயலில் உப்பு இல்லை. அதற்கு உள்ளே இருக்கிற வயலில் உப்பு. அங்கேயும் வரம்போரத்தில் இல்லை, நடுவில். ‘றவூப் சேர், பக்கத்து வயலைத் தொடாம உப்புத் தண்ணி எப்படி நடுவயலுக்கு வந்தது?’ என்று கேட்டீர்கள்.

ஐந்தாறு வருடமாக அந்த அறிக்கை இந்த அலுமாரியில் கிடக்கிறது. ஒரு நீதிபதி அதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார். சட்டத்தரணிகள் இரண்டு பேர் வாசித்திருக்கிறார்கள். இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. நான் அறிக்கையில் ஒரு நாளும் பொய் எழுதியதில்லை. அளவு எங்கே எவ்வளவு இருந்ததோ அப்படியே எழுதினேன். கவனமாகப் படிக்கிற ஒருவர் வந்திருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.

என் ஊர் புத்தளம். வாப்பா உப்பளத்தில் வேலை செய்தவர். எழுபத்தேழில் விவசாய உத்தியோகத்தராக எனக்கு இங்கே நியமனம் கிடைத்தது. அப்போது வயது முப்பத்திரண்டு. வந்து நான்கு மாதத்தில் உம்மா போனார். என் நானா, மூத்தவர், வீட்டை விற்றுவிட்டு சிலாபம் பக்கம் போய்விட்டார். அதன்பிறகு லீவு எடுத்துப் போக எனக்கு ஊர் இல்லை.

கல்முனைப் பிரதான வீதியில் ஒரு சைக்கிள் கடைக்குப் பின்னால் அறை எடுத்திருந்தேன். மூன்று வேளையும் கடைச் சாப்பாடு. சுவரைப் பார்த்த மேசை ஒன்று எனக்கென்று இருந்தது. இந்த ஊர்ச் சனங்கள் நல்லவர்கள். சலாம் சொல்வார்கள். நான் பதில் சொன்னதும் தங்களுக்குள் விட்ட கதையைத் தொடர்வார்கள். எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ முறையில் சொந்தம். நான் யாருக்கும் எந்த முறையும் இல்லை. பெருநாள் அன்று சாப்பாட்டுக் கடைகள் பூட்டியிருக்கும் என்பதை முதல் பெருநாளில்தான் தெரிந்துகொண்டேன். அன்று தொழுதுவிட்டு வந்து அறையில் பிஸ்கட் தின்றேன்.

எழுபத்தெட்டு நவம்பரில் சூறாவளி அடித்தது. கடல் களப்புக்குள் ஏறி, களப்பு வயல்களுக்குள் ஏறியது. தண்ணீர் வடிந்த பிறகு, மேற்கே தாழ்ந்த வயல் வட்டைகளில் மண்மேல் வெள்ளை படிந்து கிடந்தது. அப்படிப்பட்ட ஒரு வயலில்தான் சீனிமுகம்மதை முதன்முதலில் கண்டேன். நாற்பது வயது மனிதர்; இந்த ஊர் வழக்கப்படி காக்கா, அண்ணன், என்று கூப்பிட்டேன். மூன்று ஏக்கர். அவருடைய வயலுக்கும் களப்புக்கும் இடையில் அவரது தம்பி மீராசாவின் வயல். வாப்பாவின் காணியை இரண்டாகப் பிரித்து எடுத்தவர்கள்.

அடுத்த சிறுபோகத்தில் அவர் விதைத்தார். பயிர் ஒரு சாண் வளர்ந்து நின்றுவிட்டது. இலை நுனி வெளுத்து, பிறகு கருகி, இலை சுருண்டது. அவர் என்னை வரம்பில் நிறுத்திக் கேட்டார்.

“தண்ணி நிக்குதே சேர். பொறகு என்னத்துக்கு வாடுது?”

“தண்ணி இருக்கு காக்கா. வேரால அதைக் குடிக்க ஏலாது. உப்பு விடாது.”

அவர் குனிந்து ஒரு பயிரைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். வேர் கபில நிறமாகக் குட்டையாக இருந்தது.

“தண்ணிக்குள்ள நிண்டுக்கிட்டு தாகத்தில சாகுது எண்டு செல்றீங்க.”

“ஓம்.”

படித்தவர்கள் பலருக்கு இதை விளக்கியிருக்கிறேன். இவ்வளவு சீக்கிரம் யாருக்கும் பிடிபட்டதில்லை. அன்று மத்தியானம் அவர் என்னை விடவில்லை. “வாங்க சேர், ஊட்ட ஒரு வாய் திண்டுட்டுப் போவம்” என்றார். அவருடைய மனைவி நாச்சியா திரைக்குப் பின்னாலிருந்து சாப்பாட்டைத் தள்ளிவிட்டார். தேங்காய்ப்பால் விட்ட பாலாணம், பொரித்த மீன், கடைசியில் எருமைத் தயிர். மகள் பரீனா, ஐந்து வயதிருக்கும், நான் சாப்பிட்டு முடியும்வரை எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு புதன்கிழமை தோறும் போனேன். வேலைதான். நல்ல தண்ணீரைக் கட்டி வைத்து வடித்துவிட வேண்டும், ஒரு முறை போதாது, மூன்று நான்கு முறை. மாட்டெரு போட வேண்டும். முதல் போகத்துக்கு உப்புத் தாங்கும் பொக்காலி விதை எடுத்துக் கொடுத்தேன். சொன்னதையெல்லாம் அவர் சொன்னபடி செய்தார். அப்படிக் கேட்கிற விவசாயி இந்த வட்டாரத்தில் வேறு இல்லை. ஒரு வருடத்தில் திரை போய்விட்டது. நாச்சியா நேரே வந்து சோறு போடுவார்; அண்ணன் மனைவி முறையில் அவரை மச்சி என்று கூப்பிடத் தொடங்கினேன். நான் வராத நாளில் பரீனா தேடுவாள் என்பார்.

எண்பதாம் வருடச் சிறுபோகம் நன்றாக விளைந்தது. மண்ணைச் சோதித்தேன், உப்பு இல்லை. மீராசாவின் வயலும் அப்படியே. சூடடித்த கையோடு சீனிமுகம்மது ஒரு மூட்டை அரிசியையும் ஒரு சட்டி தயிரையும் என் மோட்டார் சைக்கிளில் கட்டிவிட்டார்.

“இனி சேருக்கு அலைச்சல் இல்ல. அல்லாட காவல், மண் சுகமாயிட்டு.”

அடுத்த புதன் நான் போனபோது வீடு பூட்டியிருந்தது. நாச்சியாவின் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு இறக்காமம் போயிருந்தார்கள். எனக்குச் சொல்ல வேண்டிய அவசியம் அவர்களுக்கு என்ன இருக்கிறது. நான் படலைக்கு வெளியே அரை மணித்தியாலம் மோட்டார் சைக்கிளில் இருந்துவிட்டுத் திரும்பினேன். அதற்கடுத்த புதன் இருந்தார்கள். முற்றத்தில் நிற்கவைத்துத் தேத்தண்ணி தந்தார்கள். வீட்டில் வேலை நிறைய இருந்தது. யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. வரச் சொல்லவும் இல்லை.

அந்த வருடப் பெரும்போகத்தில், விதைத்து மூன்றாம் கிழமை, நான் கடற்கரைக்குப் போய் உப்பு வாங்கினேன். கருவாடு போடுகிற இடத்தில் உப்பு வாங்குகிறவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மூன்று இலைப் பருவத்தில் நெல்லுக்கு உப்பைத் தாங்கும் சக்தி குறைவு என்று உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் வட்டையில் ஆள் இருக்காது. வாளியில் கரைத்து, நடுவயலில் மூன்று இடத்தில், வேரடியில் ஊற்றினேன். வரம்போரம் ஊற்றினால் தம்பியின் வயலுக்குக் கசியும். மீராசாவுக்குத் தீங்கு செய்ய எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

மொத்தம் ஒன்பது ஜும்ஆ தவறிப்போனது. வரம்பிலேயே லுஹர் தொழுதுகொண்டேன். என்றாலும் ஜும்ஆ ஜும்ஆதான். அந்தக் குறை இப்போதும் என் மனதில் இருக்கிறது.

முதல் முறை ஊற்றி ஒரு கிழமை கழித்து சீனிமுகம்மது சைக்கிளில் இந்த அலுவலகத்துக்கே வந்தார். நீங்கள் இருக்கிற இடத்தில்தான் நின்றார். “சேர், திரும்பவும் வந்திட்டு” என்றார். அவருடைய குரலைக் கேட்டதும் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். பயத்தில் என்று நினைக்காதீர்கள்.

அன்று அவரோடு வயலுக்குப் போய், அங்கிருந்து வீட்டுக்குப் போனேன். பாய் விரித்திருந்தது. நான் உட்கார்ந்ததும் பரீனா கேட்டாள்.

“சேர் மாமா, ஒங்களுக்கு ஊடு இல்லயா?”

நாச்சியா அவளை அதட்டினார். சீனிமுகம்மது சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்:

“என்னத்துக்கு இல்ல. இதும் அவர்ர ஊடுதான்.”

இன்னும் இரண்டு போகம் நான் உப்புப் போட்டது அந்த வார்த்தைக்காகத்தான்.

பயிரை முழுக்கக் கொல்ல நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். பயிர் நிற்க வேண்டும்; சுகமாக நிற்கக் கூடாது. அந்த அளவைப் பிடிப்பது லேசான வேலையல்ல. மழை பெய்தால் கழுவிக்கொண்டு போகும், வெயில் அடித்தால் உப்பு மேலே ஏறும். ஒரு வாளி கூடினால் அந்த இடமே மொட்டையாகிவிடும். பூக்கும் நேரத்தில் அரை வாளி போட்டால் கதிர் வரும், மணி பிடிக்காது, பதராகும். நான் இதை ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இந்த மண்ணில் உவர் அழுத்தத்தைப் பற்றி அவ்வளவு நுணுக்கமான பதிவு வேறு எங்கும் இருக்காது. வேண்டுமென்றால் எடுத்துப் போங்கள், உங்கள் வேலைக்கு உதவும்.

அந்த ஒன்றரை வருடமும் நான் வெறுமனே வேடிக்கை பார்த்தேன் என்று நினைக்காதீர்கள். உழைத்தேன். அவர் தண்ணீர் கட்டும்போது காற்சட்டையை மடித்துக்கொண்டு கூடவே சேற்றில் நின்றேன். எருமைகளை அவர் விற்றுவிட்ட பிறகு உழுவதற்கு இயந்திரம் பேசிக் கொடுத்தேன். நாச்சியாவின் காதில் கிடந்த அல்லுக்குத்து ஒரு நாள் காணாமல் போயிருந்தது. நான் கேட்கவில்லை. சீனிமுகம்மது மெலிந்துபோனார். பேச்சும் குறைந்தது. வாடுகிற இலை தன்னைச் சுருட்டிக்கொள்வது உள்ளே இருக்கிற ஈரத்தைக் காப்பாற்றத்தான். அவரும் அப்படி ஆகிவிட்டார். ஆனால் புதன்கிழமை என்னைக் கண்டால் முகம் தெளியும். அதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒரு தடவை நாச்சியா என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாசலில் கழற்றி வைத்திருந்தேன்.

“சேர், ஒங்கட சப்பாத்தில உப்புப் பூத்திரிக்கி.”

“வயல்ல நிண்டதுதானே மச்சி.”

“இண்டைக்கு நீங்க இன்னம் வயலுக்குப் போகல்லையே.”

“போன கிழமை நிண்டது” என்றேன். அவர் உள்ளே போய்ச் சட்டியை எடுத்து வந்தார். சோறு போட்டார். அன்று தயிர் வைக்க மறந்துவிட்டார்.

மீராசாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணனைவிட எட்டு வயது இளையவன், கலகலப்பான ஆள். அண்ணனுடைய பயிர் மூன்றாவது போகமும் வாடத் தொடங்கியபோது அவன் வரம்பில் நின்று, என் முன்னாலேயே சொன்னான்.

“காக்கா, சேரக் கொற செல்றேன் எண்டு நெனைக்காதீங்க. அம்பாறையில ஒரு மண் ஆராய்ச்சிக்காரர் இரிக்கிறாராம். அவரையும் ஒருக்காக் கூட்டிவந்து காட்டுவம். என்ட வயல் களப்போட கெடக்கு, அது பச்சையா நிக்குது. ஒங்கட உள்ளுக்க கெடக்கு, எரியுது. இதென்ன புதினம்?”

நியாயமான பேச்சு. உங்கள் கேள்வியும் அதுதான். ஆனால் வேறொருவர் வந்து மண்ணைத் தோண்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் இரண்டு நாள் வருவார், ஒரு காகிதம் எழுதிக் கொடுப்பார், போய்விடுவார். அந்தக் குடும்பத்தின் மேல் அவருக்கு என்ன அக்கறை இருக்கப்போகிறது.

மீராசா போன பிறகு சீனிமுகம்மது என்னிடம் கேட்டார்.

“அவன் செல்றதும் சரிதானே சேர். அவன்ட வயலுக்கு ஒண்டுமில்ல. எனக்கு மட்டும் எங்கால வருது?”

“உப்பு தானா நடந்து வராது காக்கா” என்றேன்.

அவ்வளவுதான். நான் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. அவர் நிமிர்ந்து, தம்பியின் வயலுக்கு ஊடாகக் களப்பிலிருந்து வருகிற வாய்க்காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வாய்க்காலைப் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி.

எண்பத்திரண்டு ஜனவரி, இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை. மீராசா தன் வயலில் தேங்கிய தண்ணீரை வடிக்க வாய்க்கால் பலகையைத் தூக்கியிருக்கிறான். சீனிமுகம்மது போய்ப் பார்க்க, தண்ணீர் தன் பக்கமாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. “எத்தின நாளா இந்த வேல பாக்காய்?” என்று கேட்டாராம். மீராசா பகிடி என்று நினைத்துச் சிரித்திருக்கிறான். அடுத்த வரம்பில் நின்றவர்கள் அந்தச் சிரிப்பைக் கேட்டதாக, வழக்கு நடந்தபோது கோட்டில் சொன்னார்கள். மண்வெட்டியால் ஒரே அடி. பிறகு சீனிமுகம்மது தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, பொலிஸ் வரும்வரை தண்ணீருக்குள்ளேயே இருந்தார்.

அன்று பின்னேரம் நான் போய் அந்த வாய்க்கால் தண்ணீரில் ஒரு போத்தல் எடுத்துச் சோதித்தேன். மழைத் தண்ணீர். உப்பே இல்லை. அந்த அறிக்கையும் இதே கோப்பில்தான் இருக்கிறது. அதை யாரும் கேட்கவில்லை.

வழக்கில் நான் சாட்சி சொன்னேன். களப்புத் தண்ணீர் வயலில் புகுந்தால் மண் உவராகுமா என்று கேட்டார்கள். ஆகும் என்றேன். பயிர் இப்படி வாடுமா என்றார்கள். வாடும் என்றேன். மூன்று போகமாக ஒருவருடைய பயிர் கண்முன்னே செத்தால் அவருடைய மனம் என்ன பாடுபடும் என்று சட்டத்தரணி கேட்டார். நான் கண்டதைச் சொன்னேன். கேட்டதற்கெல்லாம் உண்மைதான் சொன்னேன். கோபமூட்டப்பட்டுச் செய்த கொலை என்று தீர்ப்பானது. தூக்குக்குப் போக வேண்டியது ஏழு வருடமாகக் குறைந்ததற்கு என் சாட்சிதான் காரணம் என்று அவருடைய சட்டத்தரணியே சொன்னார். குற்றவாளிக் கூட்டிலிருந்து இறங்கும்போது சீனிமுகம்மது என்னைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார். நானும் வைத்தேன்.

மீராசாவின் மனைவி சரீபா மூன்று பிள்ளைகளோடு தாய் வீட்டுக்குப் போனார். நாச்சியா மகளைக் கூட்டிக்கொண்டு மருதமுனையில் கூடப்பிறந்த ராத்தா வீட்டுக்குப் போய், நெசவுக்காரருக்கு நூல் சுற்றிக் கொடுக்கத் தொடங்கினார். நான் அங்கேயும் போனேன். முதல் மூன்று தடவை ராத்தாதான் வாசலுக்கு வந்து “அவ தொழுறா”, “அவ படுத்திட்டா” என்று ஏதாவது சொல்லி அனுப்பினார். நான்காவது தடவை நாச்சியாவே வந்தார். கையில் நூல் சாயம், நீல நிறம். கதவை முழுக்கத் திறக்கவில்லை.

“இனி வராதீங்க சேர்.”

“பரீனாவுக்குப் புத்தகம் கொண்டு வந்தன் மச்சி.”

“அந்தச் சப்பாத்துக் கத இவ்வளவு நாளும் எனக்கு வெளங்கல்ல. இப்ப வெளங்குது. கோட்டில செல்லியிருந்தாலும் ஆரு நம்பப் போறாங்க? இப்ப செல்லி மீராசா எழும்பி வரப்போறானா? அவருக்கு இத ஜெயிலுக்குள்ள செல்ல எனக்கு வாய் வரல்ல. நீங்க போங்க.”

அவர் துக்கத்தில் இருந்தார். துக்கத்தில் மனிதர் பேசுவதை நாம் பெரிதாக எடுக்கக் கூடாது. புத்தகங்களை வாசலில் வைத்துவிட்டு வந்தேன். உள்ளே பரீனாவின் குரல் கேட்டது. என்னைக் கேட்கிறாளா, வேறு யாரையாவது கேட்கிறாளா என்று தெரியவில்லை.

வயல் இரண்டு போகம் தரிசாகக் கிடந்தது. மழைதான் அதைக் கழுவியது. இப்போது பாண்டிருப்பு வேலப்போடி குத்தகைக்குச் செய்கிறார். என்னை ஒன்றும் கேட்பதில்லை. பயிர் இடுப்பளவுக்கு நிற்கிறது. நாளை நீங்கள் போய் நடுவயலில் மண் எடுத்துப் பாருங்கள், ஒன்றும் இருக்காது. மண் அப்படித்தான், விட்டுவிட்டால் தானாகவே சுகமாகிவிடும். விட்டுவிடுகிறதுதான் கஷ்டம்.

எழுதுங்கள், நான் சொன்னபடியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எண்பதாம் வருடப் பெரும்போகம் முதல் மூன்று போகம், சீனிமுகம்மதுவின் வயலில் உப்புப் போட்டவன் நான். மீராசா போடவில்லை. அவன் களப்புத் தண்ணீரை ஒரு நாளும் திறந்துவிடவில்லை. அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டுதான் சாட்சிக் கூட்டில் நின்று பதில் சொன்னேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நன்னடத்தைக்குக் கழித்து சீனிமுகம்மதை வருகிற மாதம் விடுகிறார்களாம். சிறையிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது, வேறொருவர் எழுதிக் கொடுத்தது. இங்கே வந்த இத்தனை வருடத்தில் எனக்கென்று வந்த ஒரே கடிதம் அதுதான். ‘மண் இப்ப எப்படி இருக்கு சேர்’ என்று கேட்டிருக்கிறார். வந்ததும் வயலில்தான் இறங்குவார். விதையெல்லாம் மாறிவிட்டது, உரமும் மாறிவிட்டது. பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். என் மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும், இந்தப் பெரும்போகம் முடியும்வரை என்னை இங்கேயே விட்டுவைக்கச் சொல்லி உங்கள் அறிக்கையில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். தம்பியும் இல்லை. நாச்சியா மருதமுனையை விட்டு வருவார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஊரில் யார் முகம் கொடுத்துக் கதைக்கப் போகிறார்கள். அந்த மனிதருக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்.